கல்லாவியில் வாங்கிய வண்டி

அக்கா,

இன்று காலை கிருஷ்ணகிரி பைபாஸில் ஒரு பழைய வண்டிக் கடைக்குப் போயிருந்தேன். வெயிலில் பல நாள் பூட்டிக் கிடந்த ஒரு சின்ன சரக்கு வண்டியின் கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து ஒரு வாசனை வந்தது. சூடேறிய ரெக்சின், டீசல், யாரோ எப்போதோ ஏற்றிய வெங்காயம் எல்லாம் கலந்த வாசனை. கதவைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன். கடைக்காரர் பயந்துபோய், "இன்னாம்மா, தலை சுத்துதா? தண்ணி கொண்டாரச் சொல்லட்டா?" என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு ஓரமாக நிழலில் போய் நின்றேன். நீங்களும் நானும் வண்டி தேடி அலைந்த அந்தக் கோடை முழுவதும் இந்த வாசனைக்குள்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தோம். அதை அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது?

நம் வண்டிக்கு வயதாகிவிட்டது. இந்த முறை தகுதிச் சான்றிதழுக்கு எஃப்.சி. காட்டப் போகுமுன் பட்டறையில் விட்டேன். மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். "இதுல போடுற காசுல இன்னொரு பழைய வண்டியே எடுத்துடலாம்க்கா, நல்லா உழைச்சிடுச்சு, விட்டுடுங்க" என்றார். ஒரு மனிதரைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார். அதனால் மறுபடியும் தேட ஆரம்பித்திருக்கிறேன். இந்த முறை தனியாக.

நாம் எப்படி வண்டி தேடக் கிளம்பினோம் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். ஓசூர் சிப்காட்டில் அந்தக் கம்பெனி கேன்டீனில் நீங்கள் குழம்பு, நான் பொரியல். பெரிய அண்டாவில் கரண்டியை விட்டுக் கிண்டும்போது உங்கள் வளையல் எல்லாம் முழங்கை வரை ஏறிக்கொள்ளும். கேன்டீன் கான்ட்ராக்ட் வேறு ஆளுக்குப் போனது. புதியவர் தன் ஆட்களோடு வந்தார். நம்மை ஒரு மாதக் கடைசியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் கேட்டுக்கு வெளியே நின்று அழுதுகொண்டிருந்தேன். நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டே, "அழுது முடிச்சிட்டியா? கேன்டீன் இல்லாத பட்டறை இந்த ஏரியாவுல எத்தனை இருக்குது தெரியுமா உனக்கு?" என்றீர்கள்.

அப்படித்தான் சாப்பாடு கட்டிக் கொடுக்கும் தொழிலில் இறங்கினோம். உங்கள் வீட்டுப் பின்கட்டில் அடுப்பு. லேத் பட்டறைகள், அட்டைப்பெட்டி செய்யும் யூனிட், கிரானைட் பாலிஷ் போடும் இடம் என்று மதியச் சாப்பாடு. சமையலில் ஒருவரும் குறை சொல்லவில்லை. கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பாடாய்ப் படுத்தியது. வாடகை ஆட்டோக்காரர் ஒரு நாள் வருவார், ஒரு நாள் போனை எடுக்கமாட்டார். பட்டறையில் ஆள்கள் கை கழுவிவிட்டுக் காத்திருப்பார்கள், நாம் சாம்பார் வாளியோடு தெருவில் நின்றுகொண்டிருப்போம். இரண்டு பட்டறைகள் நம்மை நிறுத்தியதும் நீங்கள் முடிவெடுத்தீர்கள். "சொந்தமா ஒரு குட்டி யானை வேணும் பிலோ. பழசு போதும். ஓடணும், அவ்வளவுதான்."

சின்ன சரக்கு வண்டிக்கு நம் ஊரில் எல்லாரும் சொல்லும் பெயர்தான் அது. ஆனால் உங்கள் வாயில் கேட்டபோது, நிஜமாகவே ஒரு யானைக்குட்டியைக் கூட்டிவந்து பின்கட்டில் கட்டப்போவதுபோல இருந்தது.

உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியும். கல்யாணத்துக்கு முன்பு, கிருஷ்ணகிரியில் உங்கள் அத்தாவின் லோடு ஆட்டோவில் மாங்காய் ஏற்றி மண்டிக்கும் மாம்பழக்கூழ் ஆலைக்கும் ஓட்டியிருக்கிறீர்கள். எனக்கு வண்டி என்றாலே பயம். சூளகிரி பக்கம் என் வீட்டுக்காரர் பைக்கோடு லாரியில் அடிபட்டு இறந்ததிலிருந்து, பஸ்ஸில் முன்சீட்டில்கூட நான் உட்காருவதில்லை. இது உங்களுக்குத் தெரியும். மகளைத் தூக்கிக்கொண்டு சர்ச் வாசலில் நின்ற என்னைக் கேன்டீன் வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனதே நீங்கள்தான். அதனால் நீங்கள் ஓட்டுவீர்கள், நான் பின்னால் பாத்திரங்களைப் பிடித்துக்கொண்டு வருவேன் என்றுதான் நினைத்திருந்தேன். வேறு மாதிரி இருக்கும் என்று எனக்கு ஏன் தோன்றப் போகிறது?

முதலில் பார்த்ததும் இதே பைபாஸில்தான். புதுப் பெயிண்ட் அடித்து, முன்கண்ணாடியில் சந்தனம் குங்குமம் வைத்து நின்றது ஒரு வண்டி. எனக்கு அதைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. தரகர் வேறு, "ஒரே ஓனர், டாக்டர் வீட்டு வண்டிம்மா" என்றார். நீங்கள், "டாக்டரு எதுக்குங்க சரக்கு வண்டி வெச்சிருந்தாரு?" என்று கேட்டுவிட்டுக் குனிந்து கால்மிதியைத் தூக்கினீர்கள். அடியில் தகரம் வடைச்சட்டிபோல் கருத்து அரித்திருந்தது. விரலால் அழுத்தினால் பொடிந்தது. வண்டி வேண்டாம் என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் நீங்கள் என்னைப் பார்த்து, "பிலோ, ஏறி டிரைவர் சீட்ல உட்காரு" என்றீர்கள்.

"நான் எதுக்குக்கா?"

"உட்காரு. கால் எட்டுதா பாரு."

எட்டவில்லை. நான் குள்ளம். பிரேக்கை மிதிக்க முதுகைச் சீட்டிலிருந்து பெயர்த்துக்கொண்டு முன்னால் வரவேண்டியிருந்தது. தரகர் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. "ம், இறங்கு" என்றீர்கள்.

அதற்குப் பிறகு பார்த்த ஒவ்வொரு வண்டியிலும் இதே கதை. நீங்கள் ஆர்.சி. புத்தகத்தைப் பார்ப்பீர்கள், எஞ்சினை ஓடவிட்டுப் புகையின் நிறத்தைப் பார்ப்பீர்கள், சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அடியில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று தடவுவீர்கள். கடைசியில் என்னை ஏறி உட்காரச் சொல்வீர்கள். ஸ்டீயரிங்கைப் பிடித்தால் எனக்குக் கை வேர்க்கும். "கண்ணை வேணா மூடிக்க, ஆனா உட்காரு" என்பீர்கள். இது என்ன விளையாட்டு என்று எனக்கு எரிச்சலாக வரும். என் பயத்தைத் தெளிய வைக்கப் பார்க்கிறீர்கள் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

அந்த வருடம் நோன்பு மாதம் கோடையில் வந்தது. ஆனேக்கல் பக்கம் ஒரு வண்டி விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு, அத்திப்பள்ளி தாண்டிப் போனோம். கர்நாடகா நம்பர். நம் பட்ஜெட்டுக்கு மிகவும் கீழே. பின்னால் சரக்குத் தொட்டி நல்ல அகலம், அண்டா இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். விற்பவர் கன்னடம் மட்டும் பேசினார். நீங்கள் அவரோடு கன்னடத்தில் விலை பேசி இன்னும் இறக்கினீர்கள். நான் மனசுக்குள் அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவதாக வேண்டிக்கொண்டேன்.

பேசி முடித்ததும் என்னை உட்காரச் சொன்னீர்கள். கிளட்சை மிதித்தேன். பாதி தூரம்கூடப் போகவில்லை, கெட்டியாக இருந்தது. இரண்டு காலாலும் மிதிக்கலாமா என்று கேட்டேன். நீங்கள் அந்த மனிதரிடம் ஒரு கும்பிடு போட்டு, "பேடா அண்ணா" என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தீர்கள். வேண்டாமாம்!

திரும்பி வரும்போது பஸ்ஸில் சண்டை போட்டேன். அதுதான் நாம் போட்ட ஒரே பெரிய சண்டை.

"இதைவிடக் கம்மியா எங்கக்கா கிடைக்கும்? என்னா குறை அதுல?"

"நம்பர் மாத்தணும் பிலோ. அங்க தடையில்லைன்னு எழுதி வாங்கணும், இங்க வந்து மறுபடி வரி கட்டணும். மாசக்கணக்கா வண்டி சும்மா நிக்கும். இப்ப சீப்பா தெரியுது, அப்புறம் தெரியாது."

"அதை முன்னாடியே சொல்லியிருக்கலாம் இல்ல? கிளட்ச்சை மிதிக்கச் சொல்லி, அப்புறமா வேணாம்னீங்க. கிளட்ச்சு கெட்டியா இருந்தா உங்களுக்கு என்னா? ஓட்டப்போறது நீங்கதானே?"

"ரெண்டு பேரும் ஓட்டணும்."

"நான் ஓட்டமாட்டேன். என் வீட்டுக்காரரு எப்படிச் செத்தாருன்னு தெரிஞ்சும் கேக்குறீங்களே."

நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தீர்கள். நோன்பு மாதத்தில், பட்டப்பகலில். நான் பார்த்ததை நீங்களும் பார்த்தீர்கள். "இன்னைக்கு வைக்கலை" என்று மட்டும் சொன்னீர்கள். பெண்களுக்கு நோன்பு விலக்கான நாட்கள் உண்டென்று எனக்குத் தெரியும். அதுதான் போலிருக்கிறது என்று நினைத்து மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்கக்கூடாத விஷயம் என்று ஒதுங்கிக்கொண்டேன். நாகரிகம் என்று நாம் நினைத்துச் செய்கிற சில காரியங்களை இப்போது நினைத்தால் ஆற்றாமையாக இருக்கிறது. அன்று கொஞ்சம் நாகரிகம் கெட்டு, "ஏன்க்கா வைக்கலை?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், ஜன்னலைப் பார்த்தபடியே நீங்கள் சொல்லியிருப்பீர்களோ என்னவோ.

அதன் பிறகு சில நாள் நீங்கள் வண்டிப் பேச்சே எடுக்கவில்லை. நான்தான் ரம்ஜான் அன்று உங்கள் வீட்டுக்கு வந்து, சேமியாவைச் சாப்பிட்டுவிட்டு, "அடுத்து எங்கக்கா போறோம்?" என்று கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். "கல்லாவிக்கு" என்றீர்கள்.

ஊத்தங்கரை பஸ்ஸில் போய் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்துக் கல்லாவி போனோம். விற்பவர் ஒரு விவசாயி. தக்காளியும் ஆடுகளும் ஏற்றிச் சந்தைக்குச் சந்தை போய்க்கொண்டிருந்தவர். கண்ணில் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது, இனிமேல் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றார். வண்டி புளியமரத்தடியில் நின்றது. பெயிண்ட் வெளுத்து, வலதுபக்கம் முழுக்க ஆட்டுக்கொம்பு இடித்த சொட்டைகள். எனக்குப் பார்த்ததும் சப்பென்று ஆகிவிட்டது. அவர் சொன்ன விலையோ, ஆனேக்கல் வண்டியைவிட நன்றாகவே கூடுதல்.

அந்த மனிதர் வண்டியைப் புகழவில்லை. மாட்டைப் பற்றிச் சொல்வதுபோல அதன் குணத்தைச் சொன்னார். "மூணாவது கியரு போடுறப்ப கொஞ்சம் மொரண்டு பண்ணும், நிதானமா தள்ளணும். மழைன்னா இந்தப் பக்கத்துக் கதவுல தண்ணி சொட்டும். பின் டயர் ரெண்டும் மாத்தணும். எஞ்சின்ல கை வெச்சது இல்லீங்க. வேணும்ன்னா உங்க மெக்கானிக்கைக் கூட்டியாந்து பிரிச்சிப் பாத்துக்குங்க."

நீங்கள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கதவைத் திறந்து உள்ளே பார்த்தீர்கள். உங்கள் முகம் மாறியதை நான் கவனித்தேன். அந்த மனிதரும் என்னைப்போல் குள்ளம். சீட்டை முன்னால் இழுத்து, உயரமாக வைத்து வெல்டிங் அடித்திருந்தார். மேலே தடிப்பான மெத்தை. கிளட்ச் மிதியில் ஒரு மரக்கட்டையை வைத்து இறுக்கிக் கட்டியிருந்தார்.

"பிலோ, ஏறு."

ஏறினேன். கால் தரையில் இருப்பதுபோல் பதிந்தது. முதுகு சீட்டில் சாய்ந்திருக்க, கண்ணுக்கு நேரே ரோடு தெரிந்தது. எனக்காகவே யாரோ அளவெடுத்துச் செய்துவைத்த மாதிரி. நான் இறங்கப் பார்த்தேன். நீங்கள் மறுபக்கக் கதவைத் திறந்து பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, "சாவியைத் திருப்பு" என்றீர்கள்.

"அக்கா, வேணாம்."

"ஏரிக்குள்ள தண்ணியே இல்ல, ஆளும் இல்ல, ஆடும் இல்ல. நீ யாரை இடிக்கப்போற? திருப்பு."

வற்றிப்போன ஏரிக்குள் மண்பாதை இறங்கியது. நீங்கள் என் கைமேல் கைவைத்துக் கியர் போட்டீர்கள். "கிளட்ச்சை மெதுவா விடு. இன்னும் மெதுவா. குழந்தையைத் தொட்டில்ல போடுற மாதிரி." வண்டி நகர்ந்தது. நான் கத்திவிட்டேன். நீங்கள் கையை எடுத்துவிட்டீர்கள். ஏரியின் நடுவரை போனேன் அக்கா. என் புருஷன் செத்த பிறகு, என் கையில் ஒரு வண்டி ஓடியது. அழுதுகொண்டே ஓட்டினேன். நிறுத்தியதும் நீங்கள் என்னைத் தேற்றவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே அந்த மனிதரிடம் நடந்து போய், கேட்ட விலைக்கே சரி என்றீர்கள். பேரம் பேசத் தெரியாதவரா நீங்கள்! எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. அந்த விவசாயிக்கு அதைவிட அதிர்ச்சி.

"ஆர்.சி. உன் பேர்லயே மாத்திக்கலாம்" என்றீர்கள் வழியில். "ஆபீசு ஆபீசா அலைய எனக்கு ஆகாது, நீ சின்னவ." சரி என்றேன். எனக்கு எல்லாமே சரிதான், அப்போது.

வண்டியை நீங்கள்தான் ஓட்டிக்கொண்டு வந்தீர்கள். மத்தூர் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். டீக்கடைக்காரர் இரண்டு பெண்கள் வண்டியிலிருந்து இறங்குவதைப் பார்த்துவிட்டு, டிரைவர் எங்கே என்று தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். நாம் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்து நீங்கள் விலாவைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் கொஞ்ச நேரம் குனிந்து உட்கார்ந்திருந்தீர்கள். சிரித்ததால் பிடித்துக்கொண்டது என்றுதான் நினைத்தேன். மூச்சு சீரானதும், "போலாமா?" என்று எழுந்தீர்கள்.

அடுத்து வந்தது நான் உங்களை வெறுத்த காலம். ஞாயிற்றுக்கிழமைகளில் சிப்காட் ரோடு காலியாகக் கிடக்கும் என்று விடியும் முன்பே வந்து கதவைத் தட்டுவீர்கள். முதல் பூசைக்குப் போகவேண்டும் என்பேன். "சாமி கோவிச்சுக்கமாட்டாரு, நான் கோவிச்சுப்பேன்" என்பீர்கள். ரிவர்ஸ் எடுக்கும்போது சுவரில் இடித்தேன். நடுரோட்டில் நிறுத்தி அழுதேன். ஒருநாள் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு கடந்துபோனதும், ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டேன். நீங்கள் எட்டி ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து இழுத்தீர்கள். திட்டுவீர்கள் என்று பயந்தேன். "அந்த லாரி போயிடுச்சு பிலோ. பாரு, போயே போயிடுச்சு. இப்ப கையை எடு" என்றீர்கள், அவ்வளவுதான்.

லைசென்ஸ் டெஸ்டில் முதல் தடவை நான் தோற்றேன். வெளியே வந்து சிரித்துக்கொண்டே சொன்னேன், எனக்குள் நிம்மதி. உங்கள் முகம் அப்படி வாடிப்போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "எத்தனை தடவை சொன்னேன்... எத்தனை தடவை..." என்று ஆரம்பித்து முடிக்காமல் வண்டிக்குள் போய் உட்கார்ந்து அழுதீர்கள். கேன்டீனில் இருந்து துரத்தியபோது அழாதவர், கொதிக்கிற எண்ணெய் கையில் பட்டபோது அழாதவர், நான் டெஸ்டில் தோற்றதற்கு அழுதீர்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் மனசு வைத்துக் கற்றுக்கொண்டேன்.

இரண்டாவது தடவை பாஸ் ஆனேன். பட்டறை பட்டறையாக ஆள்களுக்கெல்லாம் சாப்பாட்டோடு லட்டு வைத்தீர்கள். மறுநாளே, "எனக்கு முதுகு வலிக்குது, இனிமே நீ ஓட்டு" என்று இடதுபக்கம் ஏறிக்கொண்டீர்கள். கொஞ்ச நாள் அப்படி வந்தீர்கள். பிறகு சமையலோடு நின்றுகொண்டீர்கள். பிறகு அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, உப்பு காரம் மட்டும் சொன்னீர்கள். மழை ஆரம்பித்தபோது நாற்காலிக்கும் வரவில்லை. அல்சர், சரியாகிவிடும் என்று நீங்களும் சொன்னீர்கள், உங்கள் வீட்டுக்காரர் பாயும் சொன்னார். நானும் கஞ்சி வைத்துக் கொண்டுவந்தேன். அல்சருக்கு என்னவெல்லாம் ஆகாது என்று அக்கம்பக்கத்தில் கேட்டு வந்து உங்களுக்கே பாடம் நடத்தினேன். நீங்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டீர்கள்.

நீங்கள் போன அன்று நான் அட்டைப்பெட்டி யூனிட்டில் சாப்பாடு இறக்கிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. வாளியை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். எப்படி ஓட்டிவந்தேன் என்று தெரியாது. வீட்டுக்குள் பெண்கள் உங்களைச் சுற்றி உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த வார்த்தைகள் தெரியாது. தெரிந்த ஒரே ஜெபத்தை வாய்க்குள் சொன்னேன். ஆண்கள் உங்களைத் தூக்கிக்கொண்டு தெரு திரும்பும்வரை வாசலில் நின்றேன்.

சில நாள் கழித்து பாய் என்னைக் கூப்பிட்டார். கிரானைட் கம்பெனி வாட்ச்மேன் சட்டையோடு, வேலைக்குக் கிளம்பும் முன் படியில் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

"அவளுக்கு அல்சர் இல்லம்மா. மார்ல கட்டி. நீங்க வண்டி தேட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே தெரியும். பெங்களூர்ல காட்டினோம். முத்திப்போச்சு, வைத்தியம் பண்ணா கொஞ்ச காலம் கூட இருக்கலாம், முழுசா போகாதுன்னாங்க. பண்ணலாம் பண்ணலாம்னு நான் கெஞ்சினேன். அந்தக் காசு வண்டிக்கு, முடியாதுன்னுட்டா. உங்கிட்ட சொல்லமாட்டேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா."

கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டேன். "ஏன் பாய்?" என்று கேட்டேன்.

"உங்களுக்குச் சம்பளம் வருது, பிலோக்கு யாரு இருக்காங்கன்னு கேப்பா. பொண்ணை வெச்சிக்கிட்டு மறுபடியும் ஒரு கேன்டீன் வாசல்ல போய் நிக்கக்கூடாதும்பா. பிலோவே ஓட்டுற மாதிரி ஒரு வண்டி கிடைச்சிட்டா போதும்னு அதே பேச்சு." சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "எனக்கும் உன்மேல கொஞ்ச நாள் கோவம் இருந்திச்சும்மா. இப்ப இல்ல."

அந்தக் கோபம் நியாயம் என்றுதான் எனக்குத் தோன்றியது. இப்போதும் தோன்றுகிறது.

ஒவ்வொரு வண்டியிலும் நீங்கள் என்னை ஏற்றி உட்காரவைத்தது, கால் எட்டாதபோது சிரிக்காமல் இருந்தது, கல்லாவியில் பேரமே பேசாமல் தலையாட்டியது எல்லாவற்றையும் அந்தப் படியில் உட்கார்ந்தபடி ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். நாம் இரண்டு பேருக்காக வண்டி தேடுகிறோம் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். நீங்கள் என் ஒருத்திக்காக மட்டும் தேடியிருக்கிறீர்கள். வெயிலில், நோவோடு, பஸ் மாறி பஸ் மாறி.

உங்களிடம் சொல்லவேண்டியவை இருக்கின்றன. தொழில் நிற்கவில்லை. பட்டறைகள் கூடியிருக்கின்றன. இப்போது என்னோடு மூன்று பெண்கள் சமைக்கிறார்கள். மகள் தர்மபுரியில் நர்சிங் படிக்கிறாள். நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே ஓட்டுகிறேன், சூளகிரியில் அந்த இடத்தைத் தாண்டியும் ஓட்டுகிறேன். பாய் வேலையை விட்டுவிட்டார், மதியச் சாப்பாடு நம் அடுப்பிலிருந்துதான் போகிறது. நன்றாக இருக்கிறது என்று அவர் ஒருநாளும் சொல்வதில்லை, மிச்சமும் வைப்பதில்லை. நீங்கள் நினைத்ததெல்லாம் நீங்கள் நினைத்தபடியே நடந்துவிட்டது. பார்க்கிறவர்கள், "அந்தம்மா உனக்கு வழி காட்டிட்டுப் போயிருக்காங்க" என்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவைக்கிறேன்.

ஆனால் அக்கா, நன்றி மட்டும் சொல்லிவிட்டு இந்த மடலை முடிக்க என்னால் முடியவில்லை. எனக்குள் உங்களோடு ஒரு சண்டை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. தனியாக ரோட்டில் போகும்போது சத்தம் போட்டே பேசுகிறேன். கொஞ்ச காலம் என்று டாக்டர் சொன்னது எவ்வளவு காலம்? ஒரு ரம்ஜானா, இரண்டு ரம்ஜானா? அந்தக் காலத்தை விலையாகக் கொடுத்து வாங்கும் அளவுக்கு அது என்ன பெரிய வண்டி? என்னிடம் சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். வண்டியும் வேண்டாம், தொழிலும் வேண்டாம், மறுபடி எங்கேயாவது பாத்திரம் கழுவிப் பிழைத்துக்கொள்கிறேன், நீங்கள் முதலில் ஆஸ்பத்திரிக்கு வாங்க என்று உங்கள் கையைப் பிடித்து இழுத்திருப்பேன். விட்டிருக்கமாட்டேன். அதனால்தான் சொல்லவில்லை.

உப்பு எவ்வளவு என்பதிலிருந்து எந்தப் பட்டறையை விடுவது என்பதுவரை எல்லாவற்றையும் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்தோம். இந்த ஒன்றை மட்டும் நீங்கள் தனியாக முடிவு செய்துவிட்டீர்கள். ஒரு வார்த்தை என்னையும் கேட்டிருக்கலாம் அக்கா.

உங்கள்
பிலோ